ரெயின்போ சிஎஸ்வி: உரைதிருத்தியை விட்டு நகராமல் சிஎஸ்வி கோப்பை வினவுதல்

வங்கிக் கணக்கு அறிக்கை, அரசுத் தரவுத்தளத்திலிருந்து இறக்கிய பட்டியல், இணையப் படிவத்தில் சேர்ந்த விண்ணப்பங்கள் என்று எதைக் கேட்டுப் பெற்றாலும் கடைசியில் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு சிஎஸ்வி கோப்பாகவே, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வரிவரியாக எழுதிய கோப்பாகவே இருக்கிறது. வந்தவுடன் அதை இருமுறை சொடுக்கி எக்செலில் திறப்பது நம்மில் பலருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது. ஆனால் எக்செல் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, இது எண், இது தேதி என்று தானாகவே முடிவெடுத்துவிடுகிறது. சுழியத்தில் தொடங்கும் அடையாள எண்ணின் முன்சுழியம் மறைந்துபோகும். 15 இலக்கங்களைத் தாண்டிய கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் சுழியங்களாக மாறிவிடும். எழுத்துக்குறியீட்டு முறையை உணர்த்தும் பிஓஎம் என்ற குறி தொடக்கத்தில் இல்லாத யுடிஎஃப்-8 (யூனிகோடு) கோப்பாக இருந்தால், பல பதிப்புகளில் தமிழ்ப் பெயர்கள் உருத்தெரியாமல் சிதைந்து தோன்றும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் மூலத்தரவே கெட்டுவிடும். மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு, விரிதாள்கள் தேதியாகத் திரித்துவிடுகின்றன என்பதற்காகவே ‘மார்ச்1’, ‘செப்ட்1’ போன்ற மரபணுக் குறியீடுகளை மாற்றி, அதற்கான நெறிமுறைகளை 2020-இல் வெளியிட்டது என்பதிலிருந்து இந்தச் சிக்கலின் ஆழத்தை உணரலாம்.

சிஎஸ்வி என்பது அடிப்படையில் உரைக்கோப்பு. அதை உரைக்கோப்பாகவே வைத்துக்கொண்டு, தரவுத்தளத்திடம் கேட்பதுபோல் அதனிடம் கேள்வி கேட்க முடியுமானால் மேற்சொன்ன சேதங்கள் நிகழ இடமே இல்லை. விஎஸ் கோட் உரைதிருத்திக்கான ரெயின்போ சிஎஸ்வி என்ற நீட்சி (திருத்தியோடு சேர்த்து நிறுவிக்கொள்ளும் துணைநிரல்) அதைத்தான் செய்கிறது. விம், சப்ளைம் டெக்ஸ்ட் ஆகிய திருத்திகளுக்கும் இதன் பதிப்புகள் உள்ளன. எம்ஐடி உரிமத்தில் வெளியாகும் கட்டற்ற மென்பொருள், கட்டணம் கிடையாது. நான் விஎஸ் கோட் பதிப்பையே அன்றாடம் பயன்படுத்துகிறேன் என்பதால் இந்த மதிப்பீடும் அதைப் பற்றியதே.

பெயருக்கேற்ப, இந்நீட்சியின் முதல் வேலை வண்ணம் தீட்டுவது. ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு நிறத்தில் தெரியும். ஒரு சொல்லின்மேல் சுட்டியை வைத்தால் அது எத்தனையாவது நெடுவரிசை, அதன் தலைப்பு என்ன என்பதைக் காட்டும். காற்புள்ளி மட்டுமன்றி, டேப், அரைப்புள்ளி, செங்குத்துக் கோடு ஆகியவற்றால் பிரிக்கப்பட்ட கோப்புகளையும் அறிந்துகொள்ளும். அடிப்பட்டையில் சரிபார்ப்பு, சீரமைப்பு, வினவல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. இவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நிறுவிய சில நிமிடங்களில் தாமாகவே விளங்கிவிடும். எழுத வேண்டிய பொருள், எஃப்5 விசையை அழுத்தியதும் திறக்கும் வினவல் பெட்டியில்தான் இருக்கிறது.

அந்தப் பெட்டி ஏற்கும் மொழிக்கு ஆர்பிகியூஎல் என்று பெயர். தரவுத்தளங்களை வினவும் மொழியான எஸ்கியூஎல் அறிந்தவர்களுக்கு அதன் தோற்றம் உடனே பழகிவிடும்: செலக்ட், வேர், ஆர்டர் பை, குரூப் பை, ஜாயின், டிஸ்டிங்க்ட், லிமிட் எல்லாம் உண்டு. (கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், பெட்டியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கட்டளைச் சொற்களுக்கு இல்லை.) திறந்திருக்கும் கோப்பே அட்டவணை என்பதால் ஃபிரம் என்று எழுதி அட்டவணையின் பெயரைக் குறிப்பிட வேண்டிய தேவை எழுவதில்லை. முதல் நெடுவரிசை ஏ1, இரண்டாவது ஏ2 என்று தொடரும். முதல் வரி தலைப்பு வரி என்று பெட்டியில் குறித்துவிட்டால், ஏ என்ற எழுத்துக்குப் பின் ஒரு புள்ளியிட்டுத் தலைப்பின் பெயரையே எழுதலாம். தலைப்பு தமிழில் இருந்தாலும் தலைப்புக்குள் இடைவெளி இருந்தாலும் புள்ளிக்குப் பதிலாகச் சதுர அடைப்புக்குறிக்குள் மேற்கோளிட்டு எழுத வேண்டும். விடை ஒரு புதிய கோப்பாக அடுத்த டேபில் திறக்கும். மூலக்கோப்பில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை; மதிப்புகளை மாற்றும் அப்டேட் கட்டளையும் திருத்திய நகல் ஒன்றைத்தான் உருவாக்குகிறது. அந்த நகலை மூலத்தின்மீதே எழுத வேண்டுமானால், அதற்கென உள்ள கட்டளையை நாமாகவே கொடுக்க வேண்டும். தரவைக் கையாளும் ஒரு கருவியிடம் நான் முதலில் எதிர்பார்க்கும் பண்பு இதுதான்.

ஓர் உண்மையான கோப்பை எடுத்துக்கொள்வோம். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்களின் அனைத்திந்தியப் பட்டியல், இந்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் சிஎஸ்வி வடிவில் கிடைக்கிறது. அஞ்சலகத்தின் பெயர், குறியீட்டு எண், அஞ்சலக வகை, கோட்டம், மாவட்டம், மாநிலம் போன்ற நெடுவரிசைகளும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளும் கொண்ட கோப்பு அது. வெளியான பதிப்புகளுக்கிடையே நெடுவரிசைகளின் பெயரும் வரிசையும் வேறுபடுவதால், வினவும் முன் தலைப்பு வரியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. குறியீட்டு எண் 605 என்று தொடங்கும் அஞ்சலகங்கள் எவை என்று கேட்க, நிபந்தனையைக் குறிக்கும் வேர் என்ற சொல்லுக்குப் பின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் ‘ஸ்டார்ட்ஸ்வித்’ என்ற செயற்கூற்றைக் (ஃபங்ஷன்) குறியீட்டு எண் நெடுவரிசையோடு ஒட்டி எழுதினால் போதும். எக்செலில் வடிகட்டியைத் தேடிப் பிடிக்கும் நேரத்துக்குள் விடை வந்துவிடும். வந்த பட்டியலில் புதுச்சேரி அஞ்சலகங்களோடு விழுப்புரம் பகுதி அஞ்சலகங்களும் சேர்ந்தே நிற்பதைக் காணலாம். அஞ்சல் எல்லையும் ஆட்சி எல்லையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை மறந்து, குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களை வைத்தே மாநிலத்தைக் கணிக்கும் படிவங்களை வடிவமைக்கிறவர்கள் இந்த ஒரு வினவலை ஓட்டிப் பார்க்கலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் என்று சொன்னேன். இந்நீட்சியின் வலிமையும், புதியவர்களுக்கு அது தரும் தொல்லையும் அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளன. ஆர்பிகியூஎல் மொழியில் சட்டகம் மட்டுமே எஸ்கியூஎல். செலக்ட், வேர், ஆர்டர் பை ஆகிய சொற்களுக்கிடையே நாம் எழுதும் கோவைகள் முழுக்க ஜாவாஸ்கிரிப்ட், அல்லது பெட்டியில் தேர்ந்தெடுத்துக்கொண்டால் பைத்தான். எனவே சரங்களை (எழுத்துத் தொடர்களை) வெட்டுவது, ஒட்டுவது, சுருங்குறித்தொடர் (எழுத்துகளின் அமைப்பை விவரிக்கும் தேடல் வடிவம்) கொண்டு தேடுவது எனச் சில தரவுத்தளங்களில் வலிந்து செய்ய வேண்டிய வேலைகள் இங்கே ஒரே வரியில் முடிகின்றன. ஆனால் எஸ்கியூஎல் பழக்கத்தில் கை போனபடி எழுதுகிறவர் தொடக்கத்திலேயே இடறுவார். சமம் என்பதற்கு ஒற்றைச் சமக்குறி இட்டால், வேர் பகுதியில் அது செல்லாது, இரட்டைச் சமக்குறி இடவும் என்ற செய்தி வருகிறது. அந்தச் செய்தி தெளிவாக இருப்பதால் குறையில்லை. இரண்டு நிபந்தனைகளை ‘அண்ட்’ என்ற சொல்லால் இணைத்தால், ஜாவாஸ்கிரிப்ட் முறையில் அது பிழை. அங்கே இரட்டை ஆம்பர்சன்ட் குறிதான் (&&) இட வேண்டும். ஒரு வடிவத்தோடு ஒப்பிடும் லைக் என்பதும் இங்கே இடையில் நிற்கும் சொல்லாக இல்லாமல், நெடுவரிசையையும் வடிவத்தையும் அடைப்புக்குறிக்குள் வாங்கிக்கொள்ளும் செயற்கூறாக இருக்கிறது.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இந்நீட்சிக்கு எல்லா மதிப்பும் சரமே. எண்ணா தேதியா என்று அது ஊகிப்பதில்லை. அதனால்தான் முன்சுழியங்கள் பிழைக்கின்றன. அதே காரணத்தால், இரண்டு தொகை நெடுவரிசைகளைக் கூட்டற்குறியால் இணைத்தால் 10-உம் 5-உம் சேர்ந்து 15 ஆவதில்லை; ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு 105 ஆகிவிடும். எண்களைக் கொண்ட நெடுவரிசையை அப்படியே வரிசைப்படுத்தினால் 9 என்பது 10-க்குப் பின்னால் நிற்கும். எண்ணாகக் கருத வேண்டிய இடத்தில் ‘பார்ஸ்இன்ட்’ என்றோ ‘பார்ஸ்ஃப்ளோட்’ என்றோ நாமே மாற்றிக்கொள்ள வேண்டும். கூட்டுத்தொகை, சராசரி, இடைநிலை போன்ற தொகுப்புச் செயற்கூறுகள் மட்டும் சரத்தைத் தாமே எண்ணாக மாற்றிக்கொள்கின்றன. பைத்தான் முறையில் சரத்தையும் எண்ணையும் பெரியதா, சிறியதா என்று ஒப்பிட்டால் வினவல் பிழையோடு நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் முறையோ சத்தமின்றி ஏதோவொரு விடையைத் தந்துவிடும். கணக்கு சார்ந்த வேலைகளுக்குப் பைத்தான் முறையை நான் பரிந்துரைப்பது இதனால்தான்; அதற்குக் கணினியில் பைத்தான் 3 நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

அஞ்சல் கோப்புக்குத் திரும்புவோம். நாட்டில் ஏறத்தாழ 19 ஆயிரம் குறியீட்டு எண்களே உள்ளன. அஞ்சலகங்களோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆகவே ஓர் எண்ணின்கீழ் எத்தனை அஞ்சலகங்கள் இருக்கின்றன என்பது இயல்பாக எழும் கேள்வி. குறியீட்டு எண்ணைக் கொண்டு குரூப் பை செய்து (வரிகளைத் தொகுத்து) கவுன்ட் (எண்ணிக்கை) கேட்டால் பட்டியல் வந்துவிடுகிறது. மிகுதியானது முதலில் வருமாறு அதை வரிசைப்படுத்தவும் வேண்டும் என்று அதே வினவலில் ஆர்டர் பை சேர்த்தால், தொகுப்பு வினவலில் அதற்கு இடமில்லை என்று நீட்சி மறுத்துவிடும். தொகுத்த விடையை வடிகட்டும் ஹேவிங் இல்லை, வினவலுக்குள் வினவலும் இல்லை. இதற்கு வழி, வந்த விடையையே கோப்பாகக் கொண்டு அதன்மேல் மீண்டும் எஃப்5 அழுத்தி, இரண்டாம் நெடுவரிசையை எண்ணாக மாற்றி இறங்குவரிசையில் கேட்பதுதான். முதலில் எனக்கு இது பெருங்குறையாகப் பட்டது. நாளடைவில், ஒவ்வொரு படியின் விடையும் கண்ணெதிரே ஒரு கோப்பாக நிற்பதால் பிழை எந்தப் படியில் நுழைந்தது என்பது உடனே தெரிந்துவிடுவதை உணர்ந்தேன். ஆயினும், ஒரே வினவலை ஒவ்வொரு மாதமும் ஓட்ட வேண்டியவர்களுக்கு இந்தப் படிப்படியான முறை சலிப்பையே தரும் என்பதை மறைப்பதற்கில்லை. எஸ்கியூஎல் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர்கள் இந்நீட்சியைப் பயிற்சிக்களமாகக் கொள்வதையும் நான் ஊக்குவிக்க மாட்டேன். இங்கே பழகும் இரட்டைச் சமக்குறியும் ஏ1 முறையும் உண்மையான தரவுத்தளங்களுக்கு முன்னால் உதவாது.

இனி, இந்நீட்சி தன் தகுதியை முழுமையாக நிறுவும் இடத்துக்கு வருகிறேன். நான் கைகொடுக்கும் ஒரு சிற்றிதழின் சந்தாதாரர் பட்டியல், முன்பு பயன்படுத்திய ஏதோவொரு மென்பொருளிலிருந்து சிஎஸ்வியாக ஏற்றுமதியாகியிருந்தது. பெயர், முகவரி, குறியீட்டு எண், தொலைபேசி, சந்தா முடியும் ஆண்டு என்று ஐந்து நெடுவரிசைகள். சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும் 2005-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 4180 ஆவணம், மதிப்புக்குள் காற்புள்ளி வந்தால் அந்த மதிப்பு முழுவதையும் இரட்டை மேற்கோள்குறிக்குள் இட வேண்டும் என்கிறது. அந்த மென்பொருள் அதைச் செய்யவில்லை. நம் முகவரிகளோ காற்புள்ளி இல்லாமல் எழுதப்படுவதே இல்லை: ‘12/4, மேலத் தெரு, கும்பகோணம்’ என்ற ஒற்றை முகவரி மூன்று நெடுவரிசைகளாகப் பிரிந்து, குறியீட்டு எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘மேலத் தெரு’ உட்கார்ந்துகொண்டது. வண்ணங்கள் இருப்பதால் இது கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் நீண்ட பட்டியலை முழுக்கக் கண்ணால் துழாவ முடியாது அல்லவா? ஆர்பிகியூஎல் மொழியில் என்எஃப் என்ற மாறி, ஒரு வரியில் எத்தனை புலங்கள் உள்ளன என்பதையும், என்ஆர் என்ற மாறி, அது எத்தனையாவது பதிவு என்பதையும் தரும். என்எஃப் ஐந்தாக இல்லாத வரிகளை என்ஆர் எண்ணோடு காட்டு என்ற ஒரே வினவலில், உடைந்த வரிகள் அத்தனையும் தத்தம் இட எண்ணுடன் வரிசைகட்டி வந்து நின்றன. நேர்த்தியான அட்டவணையை எதிர்பார்க்கும் கருவிகளிடம் இப்படிக் கேட்பது எளிதன்று. கோப்பைப் படிக்கும்போதே அவை மறுத்துவிடும், அல்லது சொல்லாமல் சரிக்கட்டிவிடும். இந்நீட்சியோ, நாம் கேட்காதபோதும், புலங்களின் எண்ணிக்கை வரிக்கு வரி மாறுபடுகிறது, எடுத்துக்காட்டாக இந்தப் பதிவில் இத்தனை, அந்தப் பதிவில் இத்தனை என்று விடையோடு எச்சரிக்கையையும் சேர்த்துத் தருகிறது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் உள்ளடக்கம் பிழையாக இருக்கும் வரிகளுக்கு, குறியீட்டு எண் சரியாக ஆறு இலக்கங்களாக இல்லாதவற்றைக் காட்டு என்று சுருங்குறித்தொடரால் கேட்கலாம். ஐந்து இலக்கத்தோடு நின்றவை, நடுவில் இடைவெளி விட்டு எழுதியவை, சுழியத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தை இட்டவை எல்லாம் அதில் சிக்கும். நடுவில் இடைவெளி விட்டு எழுதும் வழக்கம் பிழையன்று என்பதால் அவற்றை மட்டும் ஓர் அப்டேட் வினவலில் சேர்த்தெழுதிவிடலாம்.

திருத்திய பட்டியலை அஞ்சல் கோப்போடு இணைத்து ஒவ்வொரு சந்தாதாரரின் மாவட்டத்தையும் கண்டறிவது அடுத்த வேலை. ஜாயின் என்ற சொல்லுக்குப் பின் மற்றக் கோப்பின் பெயரை எழுதி, ஏ பக்கத்து நெடுவரிசையையும் பி பக்கத்து நெடுவரிசையையும் சமப்படுத்தினால் இணைந்துவிடும். இங்கேதான் தரவுத்தளத்திலும் அடிக்கடி நிகழும் ஒரு விபத்து காத்திருக்கிறது: ஓர் எண்ணின்கீழ்ப் பல அஞ்சலகங்கள் இருப்பதால், ஒரே சந்தாதாரர் பல வரிகளாகப் பெருகிவிடுவார். அவ்வாறு பெருகிய பட்டியலைக் கொண்டு முகவரிச் சீட்டு அச்சிட்டால், ஒருவருக்கே பல இதழ்கள் போய்ச் சேரும். ஆர்பிகியூஎல் மொழியில் ‘ஸ்ட்ரிக்ட் லெஃப்ட் ஜாயின்’ என்றொரு வகை உண்டு. இடப்பக்கத்து ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கத்தில் சரியாக ஒரே ஓர் இணை இருந்தால்தான் அது விடை தரும். ஒன்றுகூட இல்லாவிட்டாலும், ஒன்றுக்கு மேல் இருந்தாலும் வினவலை நிறுத்திப் பிழையென்று அறிவித்துவிடும். வழக்கமான எஸ்கியூஎல் மொழியில் இதற்கு நேரான கட்டளை இல்லை. இணைப்பு சரியாக நடந்ததா என்று பின்னர் வரிகளை எண்ணிப் பார்க்கும் வேலையை இது மிச்சப்படுத்துகிறது. அஞ்சல் கோப்பிலிருந்து குறியீட்டு எண்ணையும் மாவட்டத்தையும் மட்டும், மீண்டும் வரும் வரிகளை நீக்கும் டிஸ்டிங்க்ட் இட்டு எடுத்து, அந்தச் சிறு கோப்போடு இணைத்தால் பெரும்பாலான வரிகள் சரியாகிவிடும். முன்பு சொன்ன 605 தொடரில் உள்ளவை போன்று, இரண்டு ஆட்சி எல்லைகளைத் தொடும் எண்கள் மட்டும் எஞ்சி நின்று பிழை காட்டும். அவற்றை மனிதர்தான் தீர்க்க வேண்டும்; அவற்றைச் சுட்டிக்காட்டியதே போதுமான உதவி.

இணைப்பு நிபந்தனையில் சமன்பாடு மட்டுமே செல்லும், அதுவும் நெடுவரிசைகளை நேராகக் குறிப்பிட்டு மட்டுமே எழுதலாம் என்பது ஒரு கட்டுப்பாடு. தமிழ்ப் பெயர்களைக் கொண்டு இணைக்க முயல்கிறவர்களை இது நேரடியாகப் பாதிக்கும். ஒகர உயிர்மெய்யின் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியெண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டு ‘கொ’க்களுக்கும் வேறுபாடே தெரியாது, கணினிக்கு அவை வெவ்வேறு சரங்கள். ‘கொடைக்கானல்’ இரண்டு கோப்புகளிலும் இருந்தும் இணையாமல் போவதன் காரணம் பெரும்பாலும் இதுவாகவோ, சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியாகவோ இருக்கும். இரண்டு கோப்புகளிலும் முதலில் அப்டேட் வினவல் ஒன்றை ஓட்டி, ஜாவாஸ்கிரிப்டின் ‘நார்மலைஸ்’, ‘ட்ரிம்’ ஆகிய செயற்கூறுகளால் பெயர்களைச் சீராக்கிவிட்டுப் பின்னர் இணைத்தால் சரியாகிவிடும். ஒளகாரத்துக்கு ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்துத் தட்டிய ‘ஒளவை’யை மட்டும் எந்தச் செயற்கூறும் ‘ஔவை’ ஆக்காது. அதற்குத் தனியாக ஒரு மாற்று வரி எழுதத்தான் வேண்டும்.

தமிழ்த் தரவை வரிசைப்படுத்துவது இன்னும் கவனம் தேவைப்படும் விஷயம். ஆர்டர் பை என்பது எழுத்துகளின் யூனிகோடு எண்களைக் கொண்டே வரிசைப்படுத்துகிறது. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. நம் அகரவரிசையிலோ ழ, ள, ற, ன என்பவை மெய்களின் இறுதியில் வருகின்றன. மணல், மரம், மலை, மழை, மனை என்று அகராதி அடுக்கும் ஐந்து சொற்களை இந்நீட்சியிடம் கொடுத்தால், மனை ஐந்தாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குத் தாவிவிடும். புள்ளியின் கதையும் இதுபோன்றதே. புள்ளிக்குரிய குறியெண் மெய்யெழுத்துகளின் எண்களைவிடப் பெரியது என்பதால் ‘அகல்’ முன்னும் ‘அக்கா’ பின்னுமாக வருகின்றன. அகராதியில் ‘அக்கா’தான் முன்னால் வர வேண்டும். இது ரெயின்போ சிஎஸ்விக்கு மட்டும் உரிய குறையன்று. மொழியறிவு சேர்க்கப்படாத எல்லா வரிசைப்படுத்தலிலும் உள்ளது. ஆனால் இதைத் தீர்க்கும் வழியை இந்நீட்சி தன்னுள்ளேயே வைத்திருக்கிறது என்பதுதான் குறிப்பிடத்தக்கது.

வினவல் ஓடும்போது ஆர்பிகியூஎல் படிக்கும் தொடக்கக் கோப்பு ஒன்றை நம் முகப்பு அடைவில் வைத்துக்கொள்ளலாம். ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒன்று, பைத்தானுக்கு ஒன்று. அதில் நாம் எழுதி வைக்கும் செயற்கூறுகளை எந்த வினவலிலும் அழைக்கலாம். தமிழ்ச் சொல்லை வாங்கி, அகரவரிசைக்கேற்ற திறவுச்சரமாக மாற்றித் தரும் ஒரு செயற்கூற்றை அங்கே எழுதி வைத்திருக்கிறேன். உயிர்களுக்கும் ஆய்தத்துக்கும் முதலில், பதினெட்டு மெய்களுக்கும் நம் முறைப்படி அடுத்து, கிரந்த எழுத்துகளுக்குக் கடைசியில் என்று ஈரிலக்க எண்கள். ஒவ்வொரு மெய்க்கும் பின்னால், புள்ளியானால் 00, அகரமேறியதானால் 01, காலானால் 02 என்று தொடரும் இன்னொரு ஈரிலக்க எண். செயற்கூறு இவ்வளவுதான், முப்பது வரிகளுக்குள் அடங்கிவிடும். ஆர்டர் பை என்ற சொல்லுக்குப் பின் நெடுவரிசையை நேராகக் குறிப்பிடாமல் இந்தச் செயற்கூற்றுக்குள் இட்டுக் கேட்டால், அக்காவும் அகலும் மழையும் மனையும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. நூலகப் பட்டியல், சொல்லடைவு, நூலின் பின்னிணைப்பு போன்றவற்றைத் தயாரிக்கும் பதிப்பகத்தார்க்கும் ஆய்வாளர்களுக்கும் இது ஒன்றுக்காகவே இந்நீட்சியை நான் எடுத்துச் சொல்வேன்.

தமிழுக்கு இந்நீட்சி சரியாக ஈடுகொடுக்காத இடமும் உண்டு. நெடுவரிசைகளை இடைவெளி இட்டுச் செங்குத்தாகச் சீரமைக்கும் வசதி, ஆங்கில எழுத்துகளுக்கு அழகாக வேலை செய்கிறது. தமிழெழுத்தின் அகலம் எழுத்துக்கு எழுத்து மாறும் என்பதாலும், கொம்பும் காலும் புள்ளியும் தனிக் குறியெண்கள் என்பதாலும் தமிழ் நெடுவரிசை நேராக நிற்பதில்லை. வண்ணம் இருப்பதால் படிப்பதற்கு இடையூறு இல்லை என்றாலும், சீரமைத்ததைச் சேமித்துவிட்டால் அந்த இடைவெளிகள் கோப்பிலேயே தங்கிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நீக்குவதற்குத் தனிக் கட்டளை உண்டு.

கோப்பின் அளவைப் பொறுத்தவரை எல்லை வகுப்பது நீட்சியன்று, விஎஸ் கோட். 20 எம்பிக்கு மேல், அல்லது மூன்று லட்சம் வரிகளுக்கு மேல் போனால், பெரிய கோப்புகளுக்கான சிக்கன அமைப்பை அணைத்தால்தான் வண்ணம் வரும். 50 எம்பியைத் தாண்டிவிட்டால் நீட்சிகள் எவையும் அந்தக் கோப்பைத் தொட விஎஸ் கோட் விடுவதில்லை. கோப்பின் ஒரு பகுதியை முன்னோட்டமாகப் பார்க்க மட்டும் ரெயின்போ சிஎஸ்வி வழி செய்து தருகிறது. அஞ்சல் குறியீட்டுப் பட்டியல் அளவிலான கோப்புகளுக்கு இது தடையாகாது. வாக்குச்சாவடி வாரியான தேர்தல் முடிவுகளையோ பல ஆண்டு வானிலைப் பதிவுகளையோ ஒரே கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு இது போதாமல் போகலாம். அவர்களுக்கு டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருள் பொருத்தமானது. சிஎஸ்வி கோப்பின் பெயரையே அட்டவணையாகக் கொண்டு முழுமையான எஸ்கியூஎல் வினவல்களை அது ஓட்டும். ஆனால் நெடுவரிசையின் வகையைத் தானே ஊகிக்கும் என்பதால், முன்சுழியம் உள்ள அடையாள எண்களைச் சரமாகவே படிக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நோட்பேட்++ திருத்தியிலேயே பழகியவர்களுக்கு சிஎஸ்விகுவெரி என்ற செருகுநிரல் உண்டு. அது கோப்பை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஏற்றிக்கொண்டு, திறந்திருக்கும் கோப்பைத் ‘திஸ்’ என்ற பெயரில் வினவ விடுகிறது; உண்மையான எஸ்கியூஎல் வேண்டும், உடைந்த வரிகளைப் பற்றிய கவலை இல்லை என்பவர்கள் அதை நாடலாம்.

பாதுகாப்பு பற்றி இரண்டு செய்திகள். வினவல் நம் கணினியிலேயே ஓடுகிறது. சந்தாதாரர்களின் தொலைபேசி எண்களையும் முகவரிகளையும் ஏதோவோர் இணையதளத்தில் பதிவேற்றி வினவும் சேவைகளைவிட இது எவ்வளவோ மேல். அதே வேளையில், ஆர்பிகியூஎல் வினவல் என்பது ஓடக்கூடிய நிரல். ஜாவாஸ்கிரிப்டோ பைத்தானோ செய்யக்கூடிய எதையும் அதற்குள் எழுதி வைக்க முடியும் என்பதால், யாரோ அனுப்பிய நீண்ட வினவலை வாசித்துப் பார்க்காமல் பெட்டியில் ஒட்டி ஓட்டக் கூடாது.

நிறுவுவதற்கு விஎஸ் கோட் நீட்சிச் சந்தையில் ரெயின்போ சிஎஸ்வி என்று ஆங்கிலத்தில் தேடினால் போதும். நிறுவியதும் கையிலுள்ள ஏதேனும் ஒரு சிஎஸ்வி கோப்பைத் திறந்து எஃப்5 அழுத்தி, தலைப்பு வரியில் உள்ள நெடுவரிசைகளின் எண்ணிக்கைக்கு என்எஃப் சமமாக இல்லாத வரிகளைக் கேட்டுப் பாருங்கள். பல ஆண்டுகளாகச் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த கோப்புகளிலும் சில வரிகள் வந்து நிற்கக்கூடும்.